திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன் சுண்ணாம்புக்கு நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களைப் புதுப்பித்து விடுதியாகவும் கடையாகவும் நூலகமாகவும் மாற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. ஆளில்லாமல் கிடந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று படிக்கும்போது மனம் நிறைகிறது. எத்தனை லட்சம் செலவானது, யார் திறந்து வைத்தார், எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் அந்தச் செய்திகளில் இருக்கின்றன. சுவரை எதைக் கொண்டு பூசினார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் அரசுப் பணியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் காளவாயிலிருந்து சுண்ணாம்பு ஏற்றிவந்து கொத்தனார்களுக்குக் கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலைகளுக்கு மேற்பார்வை பார்த்து வருகிறேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் சாரத்தின் மேல் நின்று பார்த்தவை.

செட்டிநாட்டு வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940கள் வரை, பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணத்தில் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எழுப்பியவை. பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது அந்த வரும்படி உடைந்தது. அதன் பிறகு பழைய நிலை திரும்பவே இல்லை. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் ஒரு காவல்காரர் மட்டும் திண்ணையில் படுத்திருப்பார். அதுவும் இல்லாமல் போன வீடுகள் பிரிக்கப்பட்டு, நிலைக்கதவும் தூணும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நின்றன. ஒரு முழு வாசல், படியோடும் நிலையோடும், லாரியில் ஏறிப் போவதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

அதனால்தான், இந்த வீடுகளை வணிகத்துக்கு விடுவது தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரைக்குடி பங்களாவும், கானாடுகாத்தான் விசாலமும், கடியாபட்டி சிதம்பர விலாசும், கொத்தமங்கலம் சாரதா விலாசும் விடுதிகளானதால்தான் அவற்றின் ஓட்டில் ஆண்டுதோறும் ஆள் ஏறிப் பார்க்கிறார்கள். ஒரு பழைய வீட்டுக்கு முதல் எதிரி ஓட்டின் மேல் முளைக்கும் அரசஞ்செடிதான். அது விரற்கடை உயரம் இருக்கும்போதே பிடுங்க ஒரு ஆள் அங்கே வாழ வேண்டும். 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலுக்கு அந்தச் செடியைப் பிடுங்கும் கை கிடையாது.

சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் அதைக் காப்பாற்றித் தீர்ப்பு வழங்கியது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அது ஆளில்லாமல்தான் நின்றது. புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. 2021இல் அதே முகத்தோடு ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1870களின் கொத்தனார் கை அதில் இல்லை. இடிக்காமல் தடுப்பது பாதி வேலை. உள்ளே ஆள் புழங்குவது மறுபாதி. இதுவரை எனக்கும் இப்படிச் செய்பவர்களுக்கும் ஒரே பேச்சு. அதன் பிறகு வரும் சிமெண்டில்தான் பிரிகிறோம்.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீட்டைக் கல்யாண மண்டபமாக மாற்றினார்கள். ஊர் பெயர், வீட்டுப் பெயர் வேண்டாம். கீழே மூன்றடி உயரம் வரை சுவரில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறிப் பூச்சு பொரிந்திருந்தது. ஒப்பந்தக்காரர் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு நான்கு சிமெண்டுக் கலவையில் அழுத்தமாகப் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தார். திறப்பு விழா அன்று வீடு பளிச்சென்றிருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது ஓதம் சிமெண்டுக்கு மேலே, ஐந்தடி ஆறடி உயரத்தில், அதுவரை கெடாமல் இருந்த பழைய மெருகுப் பூச்சில் வந்து நின்றது. சிமெண்டுப் பூச்சைத் தட்டினால் டொம்மென்று சத்தம். ஓரிடத்தில் உடைத்துப் பார்த்தோம். உள்ளே செங்கல் கையால் வழிக்கும் பொடியாக இருந்தது.

காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. பழைய வீட்டுச் சுவரின் அடியில் ஈரம் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளாது. வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. வழி அடைபட்ட ஈரம் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிந்து, காயும்போது விரிந்து, செங்கல்லை உள்ளிருந்து உதிர்க்கும். வெளியே இருக்கும் பூச்சு மட்டும் கல்லாக நிற்கும். பார்ப்பவர் உறுதியாக இருக்கிறது என்று நினைப்பார். சுவருக்குள் போகும் உத்திரத்தின் முனையைச் சிமெண்டு வைத்து மூடினாலும் இதே கதைதான். தேக்கு ஆயிற்றே என்று நம்பக் கூடாது. காற்றுப் போகாமல் ஈரத்தில் கிடந்தால் தேக்கும் முனையில் மக்கும்.

மேல்தளத்தில் நடப்பது இதைவிட ஆபத்து. நமது பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் தளம்: தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் காரை போட்டு, கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓடு பதித்தது. ஒழுகுகிறது என்றதும் அதன் மேல் நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு சதுர அடிக்கு இரண்டு டன்னுக்கு மேல் கூடுதல் எடை! நூறாண்டுக்கு முன் ஒரு ஆசாரி தன் அனுபவத்தால் அளவு தீர்மானித்து வைத்த சட்டம் அது. அதன் தலையில் இதை ஏற்றிவிட்டு, கீழே நூறு பேரை உட்கார வைத்துப் பந்தி போடுகிறோம். ஒழுகும் தளத்துக்கு மருந்து, உடைந்த தட்டோட்டை எடுத்து, காரையைக் கொத்தி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவதுதான். முன்பு இதற்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுவார்கள். இன்று அதற்கு ஆள் தேடுவதே பெரிய வேலை.

சுண்ணாம்பு வேலை எவ்வளவு நாள் கேட்கும் என்பதைச் சொன்னால்தான் நான் எதற்காகக் கோபப்படுகிறேன் என்பது புரியும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். நீறிய உடனே பூசிவிட முடியாது. தொட்டியில் தண்ணீர் வற்றாமல் வாரக் கணக்கில் ஊற வேண்டும். நீறாத குருணை ஒன்று உள்ளே இருந்தாலும் பூசிய பிறகு சுவரிலேயே நீறி, அந்த இடத்தில் கொப்புளம் போல் வெடிக்கும். மற்றொரு தொட்டியில் கடுக்காயும் பனைவெல்லமும் புளிக்க வேண்டும். பிறகு மணலோடு சேர்த்துச் செக்கில் அரைக்க வேண்டும். மாடு இழுத்த கல்செக்கு போய் இப்போது மோட்டார் வந்துவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை, அரைபட்டால் சரி. முதல் பூச்சு கரடாக. அது காய்ந்து இறுகக் காத்திருந்து அடுத்த பூச்சு. அதற்கு மேல் நைஸ் மணலில் ஒன்று, பிறகு வெண்சுண்ணாம்பை வெண்ணெய் போல் அரைத்து ஒன்று. கடைசிப் பூச்சில்தான் முட்டையின் வெள்ளைக் கரு. ஈரம் காய்வதற்குள் உருட்டுக்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். எத்தனை பங்குக்கு எத்தனை என்பது ஒவ்வொரு கொத்தனார் குடும்பத்திலும் மாறும். யாரும் எளிதில் சொல்லிவிட மாட்டார்கள். இப்படிப் பூசிய சுவருக்குப் பெயிண்ட் தேவையே இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும், மூன்று தலைமுறை முகம் பார்க்கும்.

இப்போது ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வேலை உத்தரவு வந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று இருக்கும். திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கி, அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கொத்தனாரைத் தேடுவார்கள். அந்தத் தேதிக்குள் சுண்ணாம்பு ஊறவே ஊறாது. பிறகு என்ன நடக்கும்? "ஐயா, சிமெண்டில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து பூசிவிடலாமா?" என்று மேஸ்திரி கேட்பார். அவரும் நூறு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டியவர். அவர் மேல் குற்றமில்லை. என் பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்த பழுதுபார்ப்பு மதிப்பீடுகளில், கட்டடம் எந்தக் காலத்ததாக இருந்தாலும், பூச்சு என்ற வரிக்கு நேரே சிமெண்டுக் கலவை விகிதம்தான் எழுதியிருக்கும். எழுதியதைத்தான் அளந்து பணம் கொடுக்க முடியும். நல்ல மனம் படைத்த ஒப்பந்தக்காரர்கூட, எழுதாத சுண்ணாம்பைத் தன் கைப்பணத்தில் போட முடியாது.

அடுத்தது குளியலறை. விடுதி என்றால் அறைக்கு ஒன்று கேட்கிறார்கள், கேட்பது நியாயம்தான். ஆனால் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகள் திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் சாமான் வைக்கவும் படுக்கவும் கொடுக்கப்பட்டவை. பத்தடிக்குப் பத்தடி, சில இடங்களில் அதுவும் இல்லை. அதற்குள் சுவரைக் குடைந்து குழாய் பதித்து, வளவுத் தரையை வெட்டிக் கழிவுக்குழாய் ஓட்டினால், இரண்டு ஆண்டில் எங்கோ ஓர் இணைப்பு கசியும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, ஆத்தங்குடியில் கையால் வார்த்த வண்ணத் தரைக்கல்லை உடைப்பார்கள். அந்தப் பழைய கல்லின் வண்ணம் மறுபடி கிடைக்காது. ஓர் இடத்தில் உரிமையாளரோடு நாட்கணக்கில் பேசி, குளியலறைகள் அனைத்தையும் வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்கு அப்பால், பழைய மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் தனிக் கட்டாக எழுப்ப வைத்தேன். விருந்தினர் இருபது அடி நடக்க வேண்டும். ஒருவரும் குறை சொல்லவில்லை. குழாய் முழுவதும் வெளியே கண்ணில் தெரிகிறது. கசிந்தால் அரை மணி நேரத்தில் சரி செய்கிறார்கள். மின்கம்பியையும் அப்படித்தான் சுவருக்கு மேலே, மரப்பட்டியில் ஓட்டினோம்.

பொறியாளர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். மக்கள் கூடும் கட்டடம் என்றால் 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி உறுதிச் சான்று வாங்க வேண்டும். வாங்கத்தான் வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் சான்று கொடுக்க வரும் இளம் பொறியாளர் தளத்தை அண்ணாந்து பார்த்ததும் "இதில் கம்பி எங்கே சார்?" என்று கேட்கிறார். கம்பி இல்லாத கட்டடத்தை அவருக்குக் கல்லூரியில் காட்டவில்லை. பயந்துபோய், "தளத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். அவருக்கு நான் பணிவோடு சொல்வது: மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு ஐ.எஸ். 2119 என்று இந்தியத் தர விதி இருக்கிறது. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 இருக்கிறது. இது பாட்டி வைத்தியம் அல்ல, புத்தகத்தில் இருக்கும் வேலை. தேக்குச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள், அதன் முனையைத் துளையிட்டுப் பாருங்கள், எடை வைத்துச் சோதியுங்கள். அதன் பிறகும் பலம் போதாது என்று தோன்றினால் அடியில் ஓர் இரும்பு உத்திரம் கொடுக்கலாம். நாளை வேண்டாம் என்றால் கழற்றியும் விடலாம். எடுத்து எறிந்த தளத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வீடு என்றால் விடுதி ஒன்றுதான் வழி என்ற எண்ணமும் மாற வேண்டும். எல்லா ஊருக்கும் சுற்றுலாப் பயணி வர மாட்டார். எங்கள் பகுதியில் ஒரு சின்ன ஊரில், பெரிய வீடும் அல்லாத, மூன்று கட்டு வீடு ஒன்றைப் புதுப்பித்தோம். உரிமையாளர் எண்பது வயதைக் கடந்த ஆச்சி. "சும்மா கிடந்து இடிவதற்கு, ஊர்ப் பிள்ளைகள் புழங்கட்டும் அப்பச்சி" என்று என்னிடம் சொன்னவர் அவர். வயதில் மூத்தவர் என்னை அப்பச்சி என்று அழைத்தது அவர்கள் வழக்கம். எனக்கு அது பெரிய கௌரவம். திண்ணையில் நாளிதழ்கள் போட்டோம். வழிப்போக்கர் உட்காரக் கட்டிய இடம் அது, செருப்பைக் கழற்றிவிட்டுக் காற்றாட உட்கார்ந்து படிக்கிறார்கள். பட்டாலை என்னும் கூடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்; இருபது பேர் பாய் விரித்து உட்காரத் தாராளமான இடம், நடுப்பகலிலும் விசிறி இல்லாமல் படிக்கலாம். மூன்றாம் கட்டுச் சமையல்கட்டை மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார் ஆச்சி. அவர்கள் தேன்குழலும் சீப்புச் சீடையும் மனகோலமும் சுட்டுக் காரைக்குடிக் கடைகளுக்குப் போடுகிறார்கள். ஐந்நூறு பேருக்குச் சமைத்த கட்டு. புகை போகும் வழி, தண்ணீர் வடியும் வழி, மாவு காய முற்றம், எல்லாம் முன்பே இருந்தன. நாங்கள் புதிதாகச் செய்தது அடுப்பும் மின்இணைப்பும் மட்டும். குழு கொடுக்கும் வாடகையில் ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றிவிடுகிறார்கள்.

இந்த வீட்டில் நான் கண்டது, வீடு எதற்கு இடம் கொடுக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் இடிக்க வேண்டியது மிகக் குறைவு என்பதுதான். மளிகைக் கடை வேண்டும் என்பவர் முகப்பை உடைத்து ஷட்டர் போட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைவீடுகளில் இன்று நகைக்கடையும் உணவகமும் நடக்கின்றன; முகப்பும் அதன் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையும் அப்படியே இருக்கின்றன. அதை அங்கே போய்வந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். புதுச்சேரியில் வைசியாள் வீதியைத் தனித்தனி வீடாகப் பார்க்காமல் ஒரு தெருவாகவே எடுத்துத் திண்ணையும் தாழ்வாரமும் மீட்டார்கள்; 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அதற்குக் கிடைத்தது. நம் ஊர்களில் ஒரு தெருவை முழுமையாக எடுத்துச் செய்யும் முயற்சிக்கு நகராட்சிதான் முன்நிற்க முடியும். தனி ஆள் செய்ய முடியாது.

பங்காளிகள் விஷயம் பெரிய சிக்கல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஒரு வீட்டுக்கு நாற்பது புள்ளி, அதாவது நாற்பது பங்குக் குடும்பம், ஐந்து நாட்டில். ஒருவர் கையெழுத்து கிடைக்காமல் பத்து ஆண்டு ஓடு மாற்றாமல் கிடந்த வீட்டை எனக்குத் தெரியும். விற்பதற்கு எல்லோரும் இசைவது அபூர்வம். ஆனால் சாமி கும்பிடும் அறையான சாமி வீட்டையும், பொங்கலுக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் வந்து தங்கும் உரிமையையும் தங்களுக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் குத்தகைக்கு விடுவதற்குப் பெரும்பாலோர் இசைகிறார்கள். அப்படி விடும்போது பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையாக விடுங்கள். மூன்று ஆண்டுக்கு எடுத்தவர் சிமெண்டு பூசிவிட்டுப் போய்விடுவார். பதினைந்து இருபது ஆண்டுக்கு எடுத்தவர்தான் சுண்ணாம்புக்குக் காத்திருப்பார், ஏனென்றால் அதன் பலனை அவரே அனுபவிப்பார். குத்தகைப் பத்திரத்திலேயே, பழைய சுவரிலும் தளத்திலும் சிமெண்டு கூடாது, எமல்ஷன் கூடாது, ஆத்தங்குடித் தரைக்கு மெஷின் பாலிஷும் ஆசிட்டும் கூடாது என்று எழுதிவிடுங்கள். தரைக்குத் தண்ணீரும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியும் போதும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை கொடுப்பது ஆள். முட்டைப் பூச்சு மெருகு ஏற்றத் தெரிந்தவர்களில் நான் அறிந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் சிமெண்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கே சதுர அடிக்குக் கூலி, அன்று மாலையே பணம். சுண்ணாம்பில் ஒரு நாளில் ஒருவர் முடிக்கும் பரப்பு மிகக் குறைவு. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் அவர் குடும்பம் பட்டினி. நாள்கூலியாக, சிமெண்டுக் கொத்தனாரைவிட உயர்த்திக் கொடுத்தால்தான் அடுத்த தலைமுறை கரண்டி பிடிக்கும். மெருகு தேய்க்கும் வேலையைப் பல இடங்களில் சித்தாள் பெண்களே செய்கிறார்கள். கடைசி நாளில் சுவர் கண்ணாடியாவது அவர்கள் கையால்தான். அவர்களுக்குச் சித்தாள் கூலி கொடுத்து அனுப்புவது அநியாயம். கைவினைக்குரிய கூலி கொடுக்க வேண்டும்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஆணையத்துக்கும், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை பழைய கட்டடங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை: சுண்ணாம்பில் கட்டிய எந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்க டெண்டர் விட்டாலும், பூச்சுக்கும் தளத்துக்கும் சுண்ணாம்புக் கலவையையே மதிப்பீட்டில் எழுதுங்கள். அதற்குரிய விலையை விலைப்பட்டியலில் சேருங்கள். சுண்ணாம்பு ஊற வைக்கும் காலத்தை வேலைக் காலத்தில் கணக்கிடுங்கள். அதாவது வேலை உத்தரவு கொடுத்த அன்றே தொட்டி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றச் சொல்லுங்கள், சுவரைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் அது ஊறிவிடும். கடைசிப் பூச்சு காய்ந்த பிறகு திறப்பு விழாவுக்குத் தேதி கேளுங்கள். காரைக்குடியிலேயே அழகப்பர் கொடுத்த நிலத்தில் கல்லூரிகள் இருக்கின்றன, அருகில் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆறு மாதம் சுண்ணாம்பு வேலைக்கு ஒரு பயிற்சி வையுங்கள். பாடம் நடத்த அந்த அறுபது வயதுக் கொத்தனார்களையே ஆசிரியர் சம்பளத்தில் அழையுங்கள். படித்த சான்றிதழ் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

புதுப்பிப்பு பற்றிச் செய்தி எழுதும் உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பழைய கட்டடத்தின் திறப்பு விழாவுக்குப் போகும்போது, சுவரை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். எதில் பூசினீர்கள், எத்தனை நாள் ஊற வைத்தீர்கள், பூசியவர் யார் என்று கேட்டு, அந்தக் கொத்தனாரின் பெயரையும் செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவர்சியர்,
காரைக்குடி.